வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டொப் மூலம் போகும்போது கைபேசி எண்ணும் கேட்கச் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: திருகோணமலை நகரில் உள்ள உங்கள் கணக்கியல் அலுவலகத்தில், விண்டோஸ் ப்ரோ நிறுவிய ஒரு கணினியில் வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. கிண்ணியா, மூதூர், உப்புவெளி ஆகிய இடங்களில் வசிக்கும் நான்கு ஊழியர்கள் மாலையில் வீட்டிலிருந்தபடியே ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அதற்குள் போய் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். வங்கி கைபேசிக்கு அனுப்புவதைப் போன்ற ஓர் எண்ணை இந்த இணைப்பும் கேட்க வேண்டும், முடிந்தால் செலவில்லாமல். ரவுட்டரை அமைத்துத் தந்தவர் ரிமோட் டெஸ்க்டொப்பின் வழக்கமான வாயில் எண்ணான 3389 என்ற போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றியிருப்பதால் பயமில்லை என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எண் கேட்க வைப்பது எப்படி என்பது ஒன்று. அதைச் செய்துவிட்டால் இணைப்பை இப்போதிருப்பது போலவே விட்டுவிடலாமா என்பது மற்றது. முதலாவது எளிது, செலவும் பெரிதாக இல்லை. இரண்டாவதற்கு என் பதில், விடக் கூடாது என்பதே. ஆகவே இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாவட்டத்தின் விடுதிகள், கப்பல் முகவர் நிலையங்கள், சிறு அலுவலகங்கள் ஆகியவற்றின் வலையமைப்புகளைப் பராமரிப்பதே பல ஆண்டுகளாக என் தொழில். வங்கிகள் போன்ற பெரிய நிறுவனங்களின் அமைப்புகளில் வேலை செய்ததில்லை. கீழே சொல்பவற்றைச் சிறிய அலுவலகங்களுக்கான ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் எண்ணை மாற்றியது பயன் தந்ததா என்பதை நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அலுவலகக் கணினியில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ் என்பதன் கீழுள்ள செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அவை தோல்வியடைந்த உள்நுழைவு முயற்சிகள். உப்புவெளிக் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக் கணினியில் நான் அப்படிப் பார்த்தபோது, சில விநாடிகளுக்கு ஒன்று வீதம் இரவு முழுவதும் பதிவாகியிருந்தது: அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், ஸ்கேனர், ரிசெப்ஷன் என்று பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அங்கேயும் போர்ட் எண் மாற்றப்பட்டுத்தான் இருந்தது. இணையத்தைத் துழாவும் நிரல்கள் ஒரு முகவரியின் எல்லாப் போர்ட்டுகளையும் தட்டிப் பார்க்கின்றன, பதில் சொல்லும் விதத்தைக் கொண்டே அது ரிமோட் டெஸ்க்டொப் என்று கண்டுபிடித்துவிடுகின்றன. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். என்எல்ஏ எனப்படும் முன்கூட்டிய அடையாளச் சரிபார்ப்பு இயங்கும் கணினியில் இந்த முயற்சிகள் பெரும்பாலும் லொகன் டைப் (உள்நுழைவு வகை) 3 என்றே பதிவாகும். ரிமோட் டெஸ்க்டொப்புக்குரியது 10 என்று எங்கோ படித்துவிட்டு 10ஐ மட்டும் தேடினால், ஒன்றும் நடக்கவில்லை என்ற தவறான நிம்மதிதான் மிஞ்சும்.

படலையைத் திறந்து போட்டுவிட்டு அறைக் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போடுவது போன்றதுதான், போர்ட்டைத் திறந்தபடி வைத்துக்கொண்டு உள்நுழைவில் மட்டும் எண் கேட்பது. பூட்டு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று விடயங்களை அது தடுக்காது, மூன்றும் ஐயத்துக்கு இடமில்லாதவை. முதலாவது, கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே உள்ளே நுழைய வழிவிடும் குறைபாடுகள். 2019 மே மாதத்தில் வெளியான புளூகீப் அப்படிப்பட்டது. அதன் தீவிரம் கருதி, ஆதரவு முடிந்து பல ஆண்டுகளாகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அத்தகைய குறைபாடு ஒன்று வந்தால், உள்நுழைவுத் திரையில் நாம் சேர்க்கும் எந்த எண்ணும் கேட்கப்படுவதற்கு வாய்ப்பே இல்லை. இரண்டாவது, என்எல்ஏ இயங்கும்போது கடவுச்சொல் முதலில் சரிபார்க்கப்பட்டு, அது சரியாக இருந்தால் மட்டுமே எண் கேட்கும் திரை வரும். ஆகவே அந்தத் திரையைக் காணும் திருடனுக்குக் கடவுச்சொல் சரி என்பது உறுதியாகிவிடுகிறது, அதே சொல்லை உங்கள் ஊழியர் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அடுத்து அங்கே போவான். மூன்றாவது, அன்றாடத் தொல்லை. 2022 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினால், பத்து முறை தவறினால் கணக்கைப் பத்து நிமிடம் பூட்டும் கொள்கை இயல்பாகவே இயங்குகிறது. வெளியிலிருந்து யாரோ உங்கள் ஊழியரின் பயனர் பெயரை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருந்தால், உரியவருக்கே கதவு பூட்டிக் கிடக்கும்.

இதைப் படித்துவிட்டு, கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் எண் போன்ற இரண்டாவது சான்று, அதாவது இரண்டாம் காரணி, அவ்வளவு முக்கியமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கி, அந்நாட்டு மருந்தகங்களும் மருத்துவமனைகளும் வாரக்கணக்கில் தடுமாறின. திருடப்பட்ட ஒரு கடவுச்சொல், தொலைவிலிருந்து கணினிகளுக்குள் போக வைத்திருந்த ஒரு நுழைவாயில், அந்த வாயிலில் இரண்டாம் காரணி இல்லாமை, இவைதான் காரணம் என்று தாய் நிறுவனத்தின் தலைவரே அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். கப்பமாக 2.2 கோடி டொலர் கொடுத்ததையும் ஒப்புக்கொண்டார். உங்கள் அலுவலகம் அந்த அளவினதல்ல என்றாலும், வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியல், அடையாள அட்டை இலக்கங்கள், ஊழியர் சேமலாப நிதி விவரங்கள் எல்லாம் அந்த ஒரே கணினியில் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இப்படிப்பட்ட தரவுகளைப் பற்றியே.

ஆகவே என் முதல் ஆலோசனை, ரவுட்டரில் திறந்துள்ள அந்தப் போர்ட்டை முற்றாக மூடிவிட்டு, இணைப்பை ஒரு விபிஎன்னுக்குள், அதாவது உங்கள் கணினிகளுக்கு மட்டுமான மறைகுறியாக்கப்பட்ட தனி வலையமைப்புக்குள், கொண்டுவருவது. உங்கள் அளவுள்ள அலுவலகங்களுக்கு நான் வழக்கமாக அமைப்பது டெயில்ஸ்கேல். வயர்கார்ட் என்ற நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது, அலுவலகக் கணினியிலும் ஊழியரின் மடிக்கணினியிலும் ஒரு சிறிய மென்பொருளை நிறுவினால் போதும், ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. இங்கே அது இன்னொரு வகையிலும் உதவுகிறது. 4ஜி ரவுட்டரில் இயங்கும் அலுவலகங்களுக்குப் பெரும்பாலும் தனியான பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியே இருக்காது. டெயில்ஸ்கேலில் இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே இணைவதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. உள்நுழைவு கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கு வழியாக நடக்கிறது. இரண்டாம் காரணியை அந்தக் கணக்கில் கட்டாயமாக்கிவிட்டால், உங்கள் வலையமைப்பின் வாசலிலேயே அது வந்து நிற்கும். பின்னர் விண்டோஸ் ஃபயர்வோலில் ரிமோட் டெஸ்க்டொப் விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் தொலைமுகவரியாக 100.64.0.0/10 என்பதை மட்டும் இடுங்கள். டெயில்ஸ்கேல் தன் கணினிகளுக்குக் கொடுக்கும் முகவரிகள் அந்த வரம்புக்குள் வருபவை, மற்ற எவருக்கும் கணினி பதிலே சொல்லாது. இதன் இலவசத் திட்டம் தனிப்பட்ட பாவனைக்கென்று அறிவிக்கப்பட்டது. தொழிலுக்குப் பாவிக்கும் நீங்கள் கட்டணத் திட்டத்தைக் கணக்கில் எடுப்பதே முறை.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஒரு மடிக்கணினி ஒருமுறை உள்நுழைந்துவிட்டால், இயல்பு அமைப்பில் 180 நாட்களுக்கு மீண்டும் கேட்காது. அதாவது தினமும் எண் கேட்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் அனுபவம் இதில் கிடைக்காது, அந்த மடிக்கணினியே இரண்டாம் காரணியாகிவிடுகிறது. பேருந்தில் அது காணாமல் போனாலோ, வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியில் விளையாட்டுகளைப் பதிவிறக்கினாலோ நிலைமை வேறு. காலத்தைக் குறைக்கலாம், கணினியை நிர்வாகப் பக்கத்திலிருந்து நீக்கலாம். ஆனாலும் உங்கள் கேள்வியின் முதற் பகுதிக்கு, அதாவது ஒவ்வொரு முறையும் கைபேசி கேட்கப்பட வேண்டும் என்பதற்கு, இரண்டாவது அடுக்கு ஒன்று தேவை.

விண்டோஸ் ப்ரோவில் ரிமோட் டெஸ்க்டொப்புக்குக் கைபேசி எண் கேட்கும் வசதி தானாக இல்லை, அமைப்புகளில் எங்கு தேடினாலும் கிடைக்காது. உள்நுழைவுத் திரையில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் வேண்டும். சிறு அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைப்பது சிஸ்கோவுக்குச் சொந்தமான டுவோ. பத்துப் பயனர்கள் வரை இலவசத் திட்டம் உண்டு, நிபந்தனைகள் மாறக்கூடியவை என்பதால் பதிவு செய்யும் நாளில் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். முதலில் டுவோவின் நிர்வாகப் பக்கத்தில் நான்கு ஊழியர்களையும் சேர்த்து, அவர்களுடைய கைபேசிகளில் செயலியை நிறுவி, கியூஆர் குறியைப் படம்பிடிக்கச் செய்யுங்கள். விண்டோஸில் உள்ள பயனர் பெயரும் அங்கே கொடுக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், நான் பார்க்கப் போகும் முறைப்பாடுகளில் பாதி இங்கேதான் முடிகிறது. அதன் பிறகே அலுவலகக் கணினியில் மென்பொருளை நிறுவ வேண்டும். வரிசையை மாற்றி முதலில் மென்பொருளை நிறுவிவிட்டால், பதிவாகாத நீங்களே வெளியே நிற்க நேரிடும்.

நிறுவும்போது குறியிடுவதற்கான இரண்டு தெரிவுக் கட்டங்கள் வரும், பலர் படிக்காமலே தாண்டிப் போகும் இடம் அது. ரிமோட் டெஸ்க்டொப் வழியாக வரும்போது மட்டும் கேட்கவா என்பது ஒன்று, இயல்பில் அது குறியிடப்பட்டிருக்காது. டுவோவின் சேவையகத்தை அடைய முடியாதபோது இரண்டாம் காரணி இல்லாமல் உள்ளே விடவா என்பது மற்றது, இயல்பில் அது குறியிடப்பட்டிருக்கும். உங்கள் நிலைமைக்கு இரண்டையும் தலைகீழாக்குவதே சரி என்பது என் கருத்து. காரணம் இதுதான்: இணையம் இல்லாத நேரத்தில் வீட்டிலிருந்து எவரும் வர முடியாது, ஆகவே அடைய முடியாதபோது மறுத்துவிடு என்று வைப்பதால் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. அலுவலகத்துக்குள் அந்தக் கணினியின் முன்னால் அமர்பவரிடம் எண் கேட்கப்படாது என்பதால், இணையம் போன நாளிலும் உள்ளே வேலை நடக்கும். கணினி இருக்கும் அறை பலர் வந்துபோகும் இடமாக இருந்தால் இந்த யோசனை பொருந்தாது, அப்போது உள்ளேயும் கேட்க வைப்பதே நல்லது.

எந்த வகை இரண்டாம் காரணி என்பதிலும் தெரிவு இருக்கிறது. எஸ்எம்எஸ் ஒன்றுமில்லாததைவிட நல்லது, அவ்வளவுதான். சிம் அட்டையை மோசடியாக வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் திருட்டு உலகெங்கும் நடக்கிறது, சமிக்ஞை பலவீனமான இடங்களில் செய்தி தாமதமாக வரும் தொல்லையும் உண்டு. கூகுள் கணக்குக்கு ஓதென்டிகேட்டர் செயலியைப் பாவித்தால், கைபேசிக்கு இணையமே தேவையில்லை. பதியும்போது கியூஆர் குறி வழியாக ஓர் இரகசிய எண் ஒருமுறை பரிமாறப்படுகிறது. அதன் பின் இரு பக்கமும் அந்த இரகசியத்தையும் அந்த நேரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை தாமே ஆறு இலக்கங்களைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. கணக்கு நேரத்தை நம்பியிருப்பதால், கைபேசியில் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பவருக்கு எண் எப்போதும் தவறென்றே வரும். தானியங்கி நேரத்தை இயக்கிவிட்டால் சரியாகும். இதே கவனம் அலுவலகக் கணினிக்கும் தேவை. தாய்ப்பலகையில் உள்ள நாணயம் அளவு மின்கலம் செத்துப்போன பழைய கணினி ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போய் விழிக்கும், டுவோ அப்படிப்பட்ட கணினியிலிருந்து வரும் கோரிக்கையை ஏற்காது. சிஆர் 2032 மின்கலம் ஒன்றை மாற்றுவதுடன் தீரும் காரியம் இது. நேரம் 15 மணித்தியாலங்களுக்கு மேல் பிழைத்துவிட்டால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு.

டுவோவில் எண்ணைத் தட்டுவதற்குப் பதிலாகக் கைபேசியில் வரும் அறிவிப்பை அழுத்தி அனுமதிக்கும் முறையும் உண்டு, ஊழியர்கள் அதைத்தான் விரும்புவார்கள். அதில் உள்ள ஆபத்து மனிதர் சார்ந்தது. 2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவன் ஒரு ஒப்பந்த ஊழியரின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அனுமதிக் கோரிக்கைகளை மீண்டும் மீண்டும் அனுப்பினான், கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுவிட்டார். தாம் உள்நுழையாதபோது அறிவிப்பு வந்தால் மறுத்துவிட்டு உடனே உங்களுக்கு அழைக்க வேண்டும் என்பதை நால்வருக்கும் நேரில் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதாது. அத்துடன், போலித் தளத்தில் எண்ணைத் தட்ட வைத்து அந்தக் கணமே அதைப் பாவிக்கும் திருட்டையோ, வீட்டுக் கணினியில் ஏற்கனவே குடியேறிவிட்ட தீநிரலையோ மேற்சொன்ன எந்த எண்ணும் தடுக்காது. முன்னதற்கு கூகுள் கணக்கில் பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உரிய தளத்தில் மட்டும் செல்லும் மின்னணுத் திறவுகோல், வைப்பது பாதுகாப்பு. பின்னதற்கு வேலைக்கென்று தனி மடிக்கணினி கொடுப்பதைத் தவிர எனக்கு நம்பகமான வழி தெரியவில்லை. குறைந்தபட்சம், ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பில் வீட்டுக் கணினியின் வட்டுகளைப் பகிரும் வசதியையாவது நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்தான் எனக்குப் பெரிய உறுத்தல்: நால்வரும் ஒரே நேரத்தில். விண்டோஸ் ப்ரோ ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே வைத்திருக்கும். இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியேற வேண்டும். நால்வர் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்றால், அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் ஒரு கருவியை அமைத்துத் தந்தவர் போட்டிருக்க வேண்டும், நேரில் பார்க்காமல் அறுதியிட முடியாவிட்டாலும் வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அது உரிமத்துக்குப் புறம்பானது என்பது ஒரு பக்கம். விண்டோஸ் இற்றைப்படுத்தல் வரும்போதெல்லாம் அது உடைந்துபோவதால், உடையாமல் இருக்க இற்றைப்படுத்தலையே நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்பதுதான் உண்மையான ஆபத்து. கடைசியாக எப்போது இற்றைப்படுத்தப்பட்டது என்பதை விண்டோஸ் அப்டேட் பகுதியில் பாருங்கள். அப்படித் திருத்தப்பட்ட கணினியில் டுவோ எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார். நேர்மையான வழிகள் இரண்டு: ஒவ்வொருவரும் அலுவலகத்தில் தமக்குரிய கணினிக்குள் போய், கணக்குக் கோப்பை வலையமைப்பில் திறப்பது, அல்லது விண்டோஸ் சேர்வரும் அதற்கான பயனர் உரிமங்களும் வாங்குவது. முதலாவது உங்களுக்குக் கட்டுப்படியாகும். கணினி இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

விண்டோஸ் சேர்வருக்கு மாறினால் ரிமோட் டெஸ்க்டொப் கேட்வே என்ற நுழைவாயிலை மைக்ரோசொஃப்டின் கணக்குச் சேவையான என்ட்ராவுடன் இணைப்பது போன்ற பெரிய ஏற்பாடுகளும் திறக்கும், உலாவி வழியாகவே வேலை செய்து ஆறு இலக்க எண்ணும் கேட்கும் அப்பாச்சி குவாக்கமோலியும் உண்டு. பராமரிக்க ஓர் ஆள் இல்லாத இடத்தில் இரண்டும் சுமை. எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகியவற்றிலும் இரண்டாம் காரணி வசதி இருக்கிறது, ஆனால் இலவசப் பதிப்புகள் தொழில் பாவனைக்கு உரியவையல்ல.

கைபேசி தொலைந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். கூகுள் கணக்கு தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள், கைபேசியிலேயே படமாக எடுத்து வைத்தால் இரண்டும் ஒன்றாகத் தொலையும். டுவோவின் நிர்வாகப் பக்கத்துக்கு உங்களைத் தவிர இன்னொருவருக்கும் அனுமதி இருக்கட்டும். அலுவலகக் கணினியில் அவசரத்துக்கென ஒரு தனி நிர்வாகக் கணக்கை நீண்ட கடவுச்சொல்லுடன் உருவாக்கி, லோக்கல் செக்யூரிட்டி பொலிசியில் அந்தக் கணக்கு ரிமோட் டெஸ்க்டொப் வழியாக நுழைவதைத் தடைசெய்துவிடுங்கள். நிர்வாகக் கணக்குகளுக்கு அந்த அனுமதி இயல்பாகவே இருப்பதால், தடையை வெளிப்படையாக இட்டால்தான் செல்லும். ஊழியர் ஒருவர் விலகிப் போகும் நாளில் விண்டோஸ், டுவோ, டெயில்ஸ்கேல் மூன்றிலிருந்தும் அவரை நீக்குவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இந்த மாற்றங்களை வேலைநாளின் நடுவே செய்யாமல் போயா விடுமுறை நாளொன்றில் செய்யுங்கள், ஒருவர் அலுவலகக் கணினியின் முன்னாலேயே அமர்ந்திருக்கட்டும். முடிந்ததும் இன்னொருவர் அலுவலக வைஃபையை விட்டு, கைபேசித் தரவு வழியாகத் தம் மடிக்கணினியை இணைத்துச் சோதிக்க வேண்டும். டெயில்ஸ்கேலை நிறுத்திவிட்டு, பழைய முகவரியையும் பழைய போர்ட்டையும் கொடுத்தால் இணைப்பே கிடைக்கக் கூடாது. கடவுச்சொல் கேட்கும் அளவுக்குப் போனாலே ரவுட்டரில் ஏதோ இன்னும் திறந்திருக்கிறது. டெயில்ஸ்கேலை இயக்கி மீண்டும் முயன்றால் கடவுச்சொல்லும் அதன் பின் டுவோவின் திரையும் வர வேண்டும், கைபேசியில் மறுத்தால் உள்ளே விடக் கூடாது. கடைசியாக ரவுட்டரின் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, அலுவலகத்தில் இருப்பவர் கணினியின் முன்னாலிருந்து உள்நுழைய முடிகிறதா என்று பாருங்கள். இவற்றில் எதுவாவது நான் சொன்னபடி நடக்கவில்லை என்றால், ரவுட்டரின் மாதிரியையும் விண்டோஸ் பதிப்பையும் எழுதுங்கள், கடவுச்சொல்லோ ஐபி முகவரியோ எழுத வேண்டாம்.